ரெண்டு கிலோ தேறுமா?

எங்கள் கம்பைநல்லூர்ப் பக்கம் கோழிக்கு மூன்றே வேலைதான். முட்டை போடும், சம்பந்தி வீட்டார் வந்தால் குழம்பாகும், வேண்டுதல் இருந்தால் முனியப்பனுக்குப் போகும். சும்மா வைத்துக் கொஞ்சுவதற்கும் கோழி வளர்க்கலாம் என்று நான் சொன்னபோது ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மா இருக்கறதுக்குத்தான் நீ இருக்கியே கண்ணு, இன்னொண்ணு எதுக்கு?"

குஞ்சுகள் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தன. சந்தை நாளில் டிவிஎஸ் 50 வண்டியின் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு வருவாரே, அவரிடம் என் மகள் வாங்கியவை. ரோஸ், பச்சை, ஊதா என்று ஹோலிப் பண்டிகையில் சிக்கி மீண்டவை மாதிரி இருந்தன.

இந்தச் சாயத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. முட்டைக் கோழிக்கான குஞ்சு பொரிப்பகங்களில் பாதிக்குப் பாதி ஆண் குஞ்சு பிறக்கும். அது முட்டையும் போடாது, பிராய்லர் மாதிரி மளமளவென்று சதையும் பிடிக்காது. தீனிக்குத் தண்டம். ஆகவே பிறந்த அன்றே பிரித்து ஒதுக்கிவிடுவார்கள். ஜெர்மனியில் இப்படி ஒதுக்கிய குஞ்சுகளைக் கொல்லக் கூடாது என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. நாம் சட்டம் போடவில்லை. சாயத்தில் முக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அந்த வேலையை அவர்களிடம் விட்டுவிட்டோம். பெரும்பாலான கலர் குஞ்சுகள் நெடுநாள் தாங்குவதில்லை.

மகள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாள். ஊதாவுக்குத் தனசேகர். எங்கிருந்து பிடித்தாள் என்று தெரியவில்லை, யார் சொல்லியும் மாற்றவில்லை.

தாய்க்கோழி இல்லாமல் குஞ்சு வளர்ப்பவன் முதலில் தாய்க்கோழியாக வேண்டும். முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே போகலாம். கோழிக்கு இது பெரிய காரியமில்லை. அதன் உடம்பே 41 டிகிரி. இறக்கையை விரித்து உட்கார்ந்தால் போதும். நான் ஆப்பிள் அட்டைப்பெட்டியில் பல்பைத் தொங்கவிட்டேன். வீட்டில் இருந்ததெல்லாம் எல்இடி. அது வெளிச்சம் கொடுத்தது, சூட்டைக் கொடுக்கவில்லை. குஞ்சுகள் பட்டப்பகல் போன்ற வெளிச்சத்தில் நடுங்கிக்கொண்டு நின்றன. கடைவீதி எலக்ட்ரிக் கடையில் 60 வாட் குண்டு பல்பு கேட்டதும் அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தனை குஞ்சு?" என்றார். ஊரில் குண்டு பல்பை இன்னும் உயிரோடு வைத்திருப்பதே கோழிக்காரர்கள்தானாம்.

அன்றிரவு முழுக்கப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதே வேலையாயிற்று. பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். ஓரத்தில் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு. பரவலாகத் தூங்கினால் சரி. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட வேண்டும், இல்லாவிட்டால் விழுந்து நனைந்து விறைத்துப் போகும். வெறும் பேப்பரில் விட்டால் கால் வழுக்கி அகண்டுவிடும் என்று உமி பரப்பினேன். நிற்கக் கொடுத்த உமியை அவை தின்னப் பார்த்தன. உமியை மூட மறுபடி ஒரு சாக்கு. என் மனைவி கதவோரம் நின்றுகொண்டு, "நம்ம பாப்பா பொறந்தப்ப ஒரு ராத்திரியாச்சும் இப்படி முழிச்சிருந்தீங்களா?" என்றாள். குஞ்சுகளுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் என் பின்னால் அணிவகுப்புத் தொடங்கியது. கொல்லைக்குப் போனால் கொல்லை, குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே கூட்டம். 1873இல் டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர், முட்டையிலிருந்து வந்ததும் குஞ்சுகளின் தலையில் சின்ன முக்காடு போட்டு வைத்திருந்து, பிறகு கழற்றினார். எதிரே எது அசைந்ததோ அதன் பின்னாலேயே அவை நடந்தன. ஆக, இந்தப் பாசத்தில் என் குணநலனுக்குப் பங்கு ஏதும் இல்லை. லுங்கி அசைந்தது, அவ்வளவுதான்.

அப்போது புளி சீசன். எங்கள் திண்ணையில் புளி உடைத்துக் கொட்டை எடுக்கப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கை சுத்தியலைத் தட்டிக்கொண்டிருக்க, கண் மட்டும் குஞ்சுகளின் தொடையில் இருக்கும். "ஏந்தம்பி, இது நாட்டுக்கோழி இல்லியே?" "இல்லைங்கக்கா." "வளந்தா ரெண்டு கிலோ தேறுமா?" நான் செல்லத்துக்கு வளர்க்கிறோம் என்பேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எனக்கு உடம்புக்கு ஏதோ என்பது போலப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அத்தனை அக்கறை நிறைந்த மௌனத்தை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை.

காக்கை ஒன்றைத் தூக்கியது. கீரிப்பிள்ளை இரண்டைக் கொண்டுபோனது. ஒன்று காரணமே சொல்லாமல் செத்தது. தனசேகர் மட்டும் மிஞ்சினான். அவனுக்கும் ஒரு நாள் வெள்ளையாகக் கழிந்தது.

மொரப்பூர் போகும் பஸ்ஸில் இருந்தேன். மனைவி போனில் அழுதாள். பஸ் இரைச்சலில் நான் கத்த வேண்டியிருந்தது: "தனசேகர் ராத்திரியிலிருந்து எத்தனை தடவை போனான்? தலையைத் தொங்கப் போட்டிருக்கானா? இறக்கை எப்படி இருக்கு?" முன் சீட்டுப் பெரியவர் முதல் இரண்டு கேள்விக்கும் அனுதாபத்தோடு திரும்பிப் பார்த்தார். மூன்றாவது கேள்விக்கு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளைக் கழிச்சல் என்றால் ராணிக்கெட். 1927இல் ராணிக்கெட் என்ற இமயமலை ஊரில் கண்டதால் அந்தப் பெயர். இங்கிலாந்தில் அதற்கு முந்தைய ஆண்டே நியூகாசிலில் கண்டதால் அங்கே நியூகாசில் நோய். வந்தபின் மருந்து கிடையாது, வருமுன் தடுப்பு மருந்துதான். கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, இது ராணிக்கெட் இல்லை, குளிர் தாக்கியிருக்கிறது என்று தண்ணீரில் கலக்கப் பொடி கொடுத்தார். ஆயா சின்ன வெங்காயத்தையும் மஞ்சளையும் இடித்து உருட்டி ஊட்டினாள். போதாதென்று முனியப்பன் கோயில் திசையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டாள்.

தனசேகர் பிழைத்தான். பொடியா, வெங்காயமா, சாமியா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஆயா வேண்டுதலின் வாசகத்தைச் சொன்னாள். "குஞ்சு பொழைச்சா அந்தச் சேவலையே உனக்குத் தரேன்னு வேண்டிக்கிட்டேன்."

மகள் இரண்டு வேளை சாப்பிடவில்லை. ஆயா அசையவில்லை, சாமிக்குச் சொன்ன சொல். ஒரே ஒரு சலுகை கொடுத்தாள்: கூவட்டும், அப்புறம் பார்க்கலாம். அதன்பின் விடியற்காலையில் வீடே காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தது. சாயம் உதிர்ந்து, வெள்ளை வெளேரென்று லெகார்ன் இறகு வந்தது, கொண்டை சிவந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தனசேகர் கூவவில்லை. மகள் அதை அவனுடைய புத்திசாலித்தனம் என்றாள்.

ஆடி மாதம் ஒரு காலை, விறகுக் குவியலுக்குள் வெள்ளையாக ஒரு முட்டை. தனசேகர் பக்கத்தில் நின்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். கொண்டிருந்தாள்.

குஞ்சின் பின்பக்கத்தை அழுத்திப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வித்தையை 1930களில் ஜப்பானியர்கள் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மணிக்கு நூற்றுக்கணக்கில் பார்க்கும் கை அது. நூற்றுக்கு ஒன்றிரண்டு தவறும். எந்தப் பொரிப்பகத்திலோ எவருக்கோ ஒரு கணம் கவனம் சிதறியதில், வருஷத்துக்கு முந்நூறு முட்டை போடும் ஜாதி எங்களுக்குப் பத்து ரூபாய்க்கு வந்திருக்கிறது.

ஆயா முட்டையைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். முனியப்பன் பெட்டையை ஏற்க மாட்டான், வாக்கோ சேவலுக்கு. வெகுநேரம் யோசித்தாள்.

"தெனம் ஒண்ணு போட்டா கார்த்திகைக்குள்ள ஒரு சேவல் வாங்கற காசு சேந்துடும்" என்றாள். பிறகு என் மகள் பக்கம் திரும்பி, "அதுக்குப் பேரு கீரு வெச்சே, கையை ஒடச்சிடுவேன்."