கன்னியா வெந்நீரும் துறைமுக அலுவலர் ஆளுமையும்: ஒரு முன்னாய்வு

ஊழியரின் ஆளுமையை வினாத்தாளில் வகைபிரிக்கும் கலைக்கு மூலநூல் யுங் என்ற உளவியலாளர் 1921இல் வெளியிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு கேதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் மனிதகுலத்தைப் பதினாறு வகையாக்கினர். இருவரும் உளவியல் பட்டதாரிகள் அல்லர். மகள் துப்பறியும் நாவல் எழுதியவர். தகுதி பற்றிய கேள்வியை முன்னோடிகளே இவ்வாறு தீர்த்துவைத்துவிட்டதால், திருகோணமலைத் துறைமுக அலுவலகங்களுக்கு ஏழு வகையே போதும் என இக்கட்டுரை துணிந்து நிறுவும். ஏனெனில் அருகிலுள்ள கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு. அருகருகே இருந்தும் ஒன்றின் சூடு மற்றதற்கில்லை (காண்க: படிக்கட்டு வழக்காறு).

முதலாங் கிணற்றார் கணக்குப் பகுதிக்கு உகந்தவர். இரண்டாமவரும் அப்படியே. மூன்றாமவர் விடுப்பில். நாலாங் கிணற்றாரே விரித்து நோக்கத்தக்கவர். கை வைத்தால் பொறுக்கலாம், தலையில் ஊற்றினால் துள்ளவைக்கும். சீனன்குடா லொறிக்காரர் துண்டை நீட்டும்வரை சாந்தம், நீட்டியபின் கொதிப்பு. இக்கொதிப்பு கிணற்றினதா, வாளியினதா? தகர வாளி சூட்டைக் காட்டிக்கொடுக்கும், பிளாஸ்டிக் வாளி மறைக்கும் என்பர் வாளிக் கட்சியார் (மேற்படி, சவர்க்காரம் வழுக்கிய பகுதி). கிணற்றுக் கட்சியார் இதை ஏற்கார் (ஒப்பிடுக: வாளி உடைத்தவரின் மறுப்பும், அம்மறுப்புக்கு வாளிச் சொந்தக்காரர் உரத்த குரலில் சேர்த்த பின்னிணைப்பும், திருத்திய இரண்டாம் ஏச்சு). இரு கட்சியாரும் அங்கே குளித்ததில்லை. ஆராயும் பொருளைத் தொடாமலிருப்பதைத்தான் நம் கழகங்கள் நடுநிலை என்கின்றன. எஞ்சிய மூவரும் பதில் கடமைக்கு.

பதினாறு வகைச் சோதனை அறிவியல், கிணறு அப்படியன்று என்று தடை எழலாம். சில வாரம் கழித்து அதே தாளை எழுதுவோரில் கணிசமானோர் வேறு வகைக்குத் தாவிவிடுகிறார்கள். நாலாங் கிணறு ஐந்தாங் கிணறாகியதில்லை. ‘என்னை அப்படியே சொல்கிறது’ என்று ஊழியரே ஒப்புகிறாரே எனலாம். 1948இல் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவரைச் சோதித்து, சோதிடப் புத்தகத்திலிருந்து திரட்டிய ஒரே குறிப்பை எல்லோருக்கும் தனித்தனி முடிவெனக் கொடுத்தார். அவர்கள் அதன் பொருத்தத்துக்கு ஐந்துக்குச் சராசரி 4.26 போட்டார்கள். பதினாறு வகைச் சோதனையை விற்கும் நிறுவனமே ஆட்சேர்ப்புக்கு அதைப் பயன்படுத்தலாகாது என்கிறது. ‘எல்லோருடனும் கலந்து பழகுவீரா?’ என்று கேட்டால், வேலை தேடி வந்தவர் வேறென்ன சொல்வார்? கிணறு வேலை கேட்டு வருவதில்லை.

எனவே விண்ணப்பதாரர் நேர்முகப் பரீட்சைக்குத் துவாயும் மாற்றுடுப்பும் கொண்டுவர வேண்டும். சான்றிதழ்களின் மூலப்பிரதி நனைந்தால் அலுவலகம் பொறுப்பேற்காது.