ஐம்பது சி.சி. வாரிசுரிமை: அப்பாவின் மொபெட்டைப் புதுப்பித்தல் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வு முன்னுரை

கல்வெட்டை ஆராய்ந்துவிட்டார்கள். தெருக்கூத்தை ஆராய்ந்துவிட்டார்கள். கும்மிப் பாட்டுக்கும் கோலத்துக்கும்கூட ஆய்வேடுகள் எழுதப்பட்டு, பல்கலைக்கழக நூலகங்களின் மேலடுக்கில் தூசி சுமந்து நிற்கின்றன. ஆனால் மாட்டுக்கொட்டகை மூலையில், கிழிந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு, காற்றுப்போன இரண்டு டயர்களோடு சாய்ந்து நிற்கும் அப்பாவின் டி.வி.எஸ். 50 பற்றிய ஆய்வேடு ஒன்றும் இவ்வாய்வாளரின் கண்ணில் படவில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை: பெடல் உள்ள வண்டிகள் மட்டும். புல்லட், ஜாவா, ராஜ்தூத் ஆகியவற்றைப் புதுப்பிப்போருக்குத் தனிச் சங்கமும், ஞாயிற்றுக்கிழமை ஊர்வலமும், தோல் ஜாக்கெட்டும் உண்டு. அவர்களுக்கு ஆய்வாளரின் உதவி தேவையில்லை.

கருதுகோள்கள் இரண்டு. ஒன்று: துரு ஏறிக் கிடக்கும்வரை ஒருவருக்கும் வேண்டாத வண்டி, பெயின்ட் காய்ந்த மறுநாள் பரம்பரைச் சொத்தாகிவிடுகிறது. இரண்டு: வண்டியில் பளபளப்பு ஏற ஏற, அதிலிருந்து அப்பா இறங்கிக்கொண்டே போகிறார்.

முதன்மை ஆதாரம், வண்டி. துணைமை ஆதாரங்கள், அம்மா, மெக்கானிக், டீக்கடையில் எப்போதும் இருப்பவர்கள். வண்டியின் உரிமையாளரான மளிகைக் கடைக்காரர் உயிரோடும் திடகாத்திரத்தோடும் இருக்கிறார். ஆயினும் தகவலாளர் என்ற முறையில் அவரால் பயனில்லை. எந்தக் கேள்விக்கும் அவரது பதில், "அந்தப் பழைய இரும்ப எடைக்குப் போட்டுட்டு வேலயப் பாருடா" என்பதே.

2. வரலாற்றுப் பின்புலம்

பெடலும் இன்ஜினும் கூடிப் பிறந்த இனம் தென்னாட்டுக்குள் நுழைந்தது சுவேகா வழியாக. பிரான்சின் மோட்டோபெக்கான் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து மொபெட்ஸ் இந்தியா என்ற நிறுவனம் அதைத் திருப்பதியில் தயாரித்தது. திருப்பதியிலிருந்து லட்டும் மொட்டையும் தவிர இன்னொன்றும் வரக்கூடும் என்று தமிழர்கள் அறிந்தது அப்போதுதான். 1972-இல் கைனடிக் நிறுவனம் இத்தாலியின் பியாஜியோ சியாவ் வண்டியை அடியொற்றி லூனாவைக் கொண்டுவந்தது. 1980-இல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் என்று வரலாறு அதைக் குறிக்கிறது.

இருவர் என்பது உற்பத்தியாளர் தரப்பு. களஆய்வு இதற்கு உடன்படவில்லை. ஓட்டுபவரின் முழங்கால்களுக்கிடையே நின்றபடி ஒன்று, பின்சீட்டில் அம்மா, அம்மாவின் மடியில் ஒன்று, எஞ்சிய இடத்தில் காய்கறிப் பை என்பதே நடைமுறையில் நிலவிய கணக்கு. இது குடும்பம் செல்லும் நாள்களுக்கு. வேலைநாள்களில் பால்கேன், வாழைத்தார், பிளாஸ்டிக் குடம், தலைகீழாகத் தொங்கும் கோழிகள் என்று ஏறியவற்றுக்குக் கணக்கே கிடையாது. எக்ஸ்.எல். என்ற பெயரில் இதே குலம் வளர்ந்து, 2015-இல் எக்ஸ்.எல். 100 ஆகி, நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறிய பின்னும் மூட்டையைக் கைவிடவில்லை.

3. சட்டத்தின் பார்வையில் அப்பா

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 50 சி.சி.யைப் பரிவோடு நடத்துகிறது. மற்ற வண்டிகளுக்கு 18 வயது வேண்டும், 50 சி.சி.க்கு மிகாத வண்டியை 16 வயதில் ஓட்டலாம். பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் முன் நிறுத்தி, ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் ‘விண்டேஜ்’ என்ற தகுதியில் இருக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியே விண்டேஜ். 1980-இல் பிறந்த மூத்த டி.வி.எஸ். 50-கூட 2030 வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தால் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட நம்பர் பலகை கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். அந்தத் தொகையைச் சொன்னவுடன் தகவலாளர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். கட்டணம் செலுத்திய பின்பும் வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ எடுக்கக் கூடாது. மளிகைக் கடைக்காரர் ஒருவரின் வண்டியை வணிகத்துக்கு எடுக்கக் கூடாது என்றால், அது எதற்கு?

இன்னொரு நிபந்தனையும் உண்டு. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸிலோ உடலிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது. இந்த நிபந்தனையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இயல் 6-இல் இதுவே வழக்காகிறது.

4. அகழாய்வு

பெட்ரோல் டேங்கின் மேற்புறத்தில் அகழ்ந்தபோது கிடைத்த அடுக்குகள் மேலிருந்து கீழாக வருமாறு.

முதல் அடுக்கு, ஆயுத பூஜைச் சந்தனம். ஆண்டுக்கொரு பூச்சாக ஏறிக் காய்ந்து, நகத்தால் நெம்பினால் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. இரண்டாம் அடுக்கு, உள்ளூர்ப் பெயின்டர் பிரஷ்ஷால் அடித்த கருநீலம். அந்தப் பிரஷ்ஷின் முடி ஒன்று பெயின்டுக்குள்ளேயே சுருண்டு படிந்திருக்கிறது. இந்த அடுக்கின் மேல் வெள்ளை எழுத்தில் கடையின் பெயர். தொடக்கத்தில் தாராளமாக எழுதிவிட்டு, இடம் போதாமல் கடைசி மூன்று எழுத்துகளை நெருக்கியிருக்கிறார் பெயின்டர். மூன்றாம் அடுக்கு, கம்பெனிச் சிவப்பு. இதை இந்த வீட்டில் அப்பாவையும் அம்மாவையும் தவிர ஒருவரும் பார்த்ததில்லை.

பிற கண்டெடுப்புகள்: கைப்பிடி உறைக்குப் பதிலாக இறுக்கிச் செருகிய சைக்கிள் டியூப், ஹெட்லைட்டைத் தாங்கும் கட்டுக்கம்பி, சீட்டு உறைக்குள் சீட்டு உறை, அதற்குள் சிமென்ட் சாக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பெனி கொடுத்த கேரியரின் மீது எல்-ஆங்கிள் இரும்பால் வெல்டிங் பட்டறையில் பற்றவைத்த இரண்டாவது கேரியர். 15 கிலோ எண்ணெய் டின்கள் இரண்டு அருகருகே உட்காரும் அகலம் அதற்கு. அளந்து பார்த்ததில் அரை விரல்கூட வீணில்லை.

5. இன்ஜின் இயல்

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு வால்வும் கிடையாது, ஆயிலுக்குத் தனி அறையும் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஆயிலே உள்ளே போய் கிராங்கையும் பிஸ்டனையும் வழவழப்பாக்கிவிட்டு, தானும் எரிந்து நீலப்புகையாக வெளியேறுகிறது. எரியாமல் தங்கியது கரியாகி எக்ஸாஸ்ட் துவாரத்திலும் சைலன்சரிலும் படிகிறது. புகை வெளியே போக வழியில்லாவிட்டால் புதுக் கலவை உள்ளே வரவும் வழியில்லை. ‘வண்டி இழுக்க மாட்டேங்குது’ என்று ஊர் சொல்லும் நோய் பெரும்பாலும் இதுதான். மருந்து எளிது. சைலன்சரைக் கழற்றி, வெந்நீர் அடுப்பில் விறகோடு விறகாகச் செருகி, பழுத்ததும் இடுக்கியால் எடுத்துக் கல்லில் தட்ட வேண்டும். கைப்பிடி கைப்பிடியாகக் கரி கொட்டும். அன்றைக்குக் குளிப்பவர்கள்மீது மூன்று நாள் மொபெட் வாசனை அடிக்கும் என்பது அம்மாவின் வாய்மொழித் தரவு.

நெடுநாள் கிடந்த வண்டியில் முதலில் அடைபடுவது கார்புரேட்டர். பழைய பெட்ரோல் ஆவியாகி, மீந்த பிசின் ஜெட்டின் ஊசிக்கண் துளையில் இறுகிவிடும். பிரேக் ஒயரிலிருந்து ஒற்றை இழையை உருவி அதில் விட்டுத் துழாவி, பிறகு வாய் வைத்து ஊதுவது மரபு. டேங்கின் உள்துருவுக்கு மண்ணெண்ணெயும் ஒரு கைப்பிடி நட்டும் போட்டுக் குலுக்க வேண்டும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் போர் போட்டு, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டன் மாற்ற வேண்டும். இத்தனையும் முடித்து பங்க்குக்குப் போனால், இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாயையும் சீலையும் அரிக்கும். ஆகவே அவற்றையும் மாற்றியாக வேண்டும். உதிரிகளைத் தேடிப் போகும் ஆய்வாளர்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை ஆவணக்காப்பகமாகப் பயன்படுகிறது. அங்கே கேட்ட பாகம் கிடைக்கும். கேட்காத பாகங்களும் வாங்கப்பட்டுவிடும்.

6. வாரிசுகளும் ‘ஒரிஜினல்’ சிக்கலும்

இன்ஜின் முதன்முறை உறுமிய செய்தி, காணொலி வடிவில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வெளியானது. முதல் கருதுகோள் அன்று மாலைக்குள் நிறுவப்பட்டது.

அண்ணன் தரப்பு வாதம்: தான் வண்டி பழகியது இதில்தான், சாட்சி, முன் மட்கார்டின் நசுங்கல். அக்கா தரப்பு: பின்சீட்டில் அதிகம் போனது தான், சாட்சி, வலது கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு, வண்டியில் அதற்கு நேராகக் காணாமல்போன மூடித்தகடு. இளையவனாகிய ஆய்வாளரின் தரப்பு: செலவுச் சிட்டை. மூன்றில் இதற்கு மட்டும்தான் மதிப்பில்லை என்று பஞ்சாயத்தில் தெரியவந்தது. அம்மா எந்தத் தரப்பும் எடுக்கவில்லை; டேங்க் மட்டும் சிவப்பாக இருந்தால் நன்றாயிருக்கும் என்றார்.

இந்த நேரத்தில்தான் மெக்கானிக் திட்டத்தை விரித்தார். நசுங்கலை டிங்கரிங்கில் எடுத்துவிடலாம், பட்டி பார்த்துக் கம்பெனிச் சிவப்பே அடிக்கலாம், மூடித்தகடு வாங்கிவிடலாம், "அந்த அசிங்கத்த" அறுத்து எடுத்துவிடலாம் என்றார். அசிங்கம் என்றது எல்-ஆங்கிள் கேரியரை. "அப்படியே ஷோரூம் வண்டியாயிரும் சார்" என்று உறுதியளித்தார்.

இங்கே ஆய்வு ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது. ஷோரூமில் நின்ற நாளில் இந்த வண்டிக்கும் அப்பாவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கம்பெனி செய்த வண்டி, கம்பெனியின் வண்டி. அதில் கருநீலம் ஏறி, டியூப் ஏறி, கேரியர் ஏறிய பின்புதான் அது அப்பாவின் வண்டியானது. வாரிசுகள் காட்டிய சாட்சியங்களும் பழுதுகள்தாம். ஷோரூம் நிலைக்குத் திருப்பினால் அண்ணனின் நசுங்கல் போகும், அக்காவின் தழும்புக்கு ஆதாரம் போகும், எண்ணெய் டின் போகும். எஞ்சுவது யாருடைய அப்பாவுக்கும் சொந்தமாக இருந்திருக்கக்கூடிய ஒரு சிவப்பு வண்டி. சட்டம் விண்டேஜ் என்று ஏற்பதும் அதைத்தான். மாற்றம் செய்யாத வண்டி வேண்டுமென்றால், உழைக்காத அப்பா வேண்டும்.

இதற்குத் தமிழ்நாட்டில் இரண்டு முன்மாதிரிகள் உள்ளன. ஒன்று, திருப்பணி என்ற பெயரில் கோயில் தூண்களில் மணலைப் பீய்ச்சிப் பளபளப்பாக்கியது. கல் வெளுத்தது, எழுத்தும் சேர்ந்து தேய்ந்தது. மற்றொன்று திருமழபாடி. ராஜராஜன் காலத்தில் அங்கே கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முடிவானபோது, சுவரிலிருந்த பழைய கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்தச்சருக்குத் தெரிந்தது இன்றைய பெயின்ட் பட்டறைக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை.

ஆகவே இவ்வாய்வு திருமழபாடி முறையைக் கைக்கொண்டது. ஓடுவதற்கு வேண்டியவை அனைத்தும் புதிது. பார்வைக்கு உரியவற்றில், துருப்பிடித்து உதிரும் இடங்கள் மட்டும் சுரண்டி அடிக்கப்பட்டன. டேங்க் சிவப்பானது, அது அம்மாவின் பங்கு. அதன்மேல் கடையின் பெயர், டிரேசிங் தாளில் ஒற்றி எடுத்தபடி, அதே இடத்தில் எழுதப்பட்டது. ஸ்டிக்கர் கடைக்காரர் கடைசி மூன்று எழுத்துகளைச் சரியான அளவில் அமைத்துத் தருவதாக மன்றாடினார். அனுமதி மறுக்கப்பட்டது. நசுங்கல் நசுங்கியபடி, கேரியர் கேரியராக. மெக்கானிக் இரண்டு நாள் பேசவில்லை.

7. வாய்மொழித் தேர்வு

எந்த ஆய்வேடும் புறத்தேர்வாளர் முன் தற்காக்கப்பட வேண்டும். தேர்வு வாசலில் நடந்தது. தேர்வாளர் பனியனோடு வந்தார்.

முதல் கேள்வி: "எவ்வளவுடா ஆச்சு?" ஆய்வு நெறிப்படி உண்மைத் தொகையில் பாதி சொல்லப்பட்டது. "இதுக்கு ஒரு எக்ஸ்.எல்.லே எடுத்திருக்கலாமே" என்ற குறிப்புரையோடு அடுத்த கேள்விக்குப் போனார்.

இரண்டாம் கேள்வி: "லிட்டருக்கு என்ன குடுக்கும்?" இதற்கு ஆய்வாளரிடம் தரவு இல்லை.

மூன்றாம் கேள்வி எழவில்லை. தேர்வாளர் வண்டியின் பின்பக்கம் போனார். கேரியரின் எல்-ஆங்கிளைப் பிடித்து ஒரு முறை உலுக்கிப் பார்த்தார். ஆடவில்லை. பெட்ரோல் குழாயைத் திறந்து, ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்தார். இன்ஜின் பிடித்ததும், "மண்டி வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்றார். ஹெல்மெட்டை நீட்டிக்கொண்டு ஆய்வாளர் தெருமுனைவரை ஓட வேண்டியிருந்தது.

திரும்பும்போது கேரியரில் வெங்காய மூட்டை இருந்தது. மூட்டையை இறக்கியபோது கொக்கி பட்டுப் புதுச் சிவப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். அண்ணனும் அக்காவும் தங்கள் உரிமைக் கோரிக்கைகளைக் காலவரையின்றி ஒத்திவைத்துள்ளனர். உரிமையாளர் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வாரிசு வழக்கு செல்லாது.

பரிந்துரை: கீறலுக்கு டச்-அப் செய்யக் கூடாது.