லிட்டருக்கு ஒரு மூடி

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறிப் போன பிறகு திருத்துறைப்பூண்டிப் பக்கம் கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. மரம் அறுக்கும் மிஷினுக்கு என்ன ஊற்றலாம் என்ற யோசனைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. பிறவி மருந்தீஸ்வரர் குடியிருக்கும் ஊர். ஆளுக்கொரு வைத்தியம் சொல்வது எங்களுக்குப் புதிதல்ல.

கொல்லையில் படுத்துவிட்ட தென்னைகளை அறுக்கச் சித்தப்பா வாங்கி வந்தது டூ ஸ்ட்ரோக் மிஷின். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. இதற்குக் கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பேரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் நனைத்துவிட்டுக் கடைசியில் தானும் எரிந்து போகும். கூடினால் புகையும் பிளக்கில் கரியும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிஷினோடு வந்த புத்தகத்தில் 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி என்று தெளிவாகப் போட்டிருந்தது. அந்தப் புத்தகம் ரேஷன் கார்டோடு பீரோவில் பத்திரமாக இருந்தது.

"லிட்டருக்கு ஒரு மூடி ஊத்துங்க, போதும்" என்றார், வயலுக்கு மருந்தடிக்கும் மிஷின் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மாமா.

"எந்த மூடி மாமா?"

"மூடின்னா மூடிதான் தம்பி."

டிவிஎஸ் 50-இல் நெல் மூட்டை ஏற்றியே வயதான பெரியவர் ஒருவருக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. "தாராளமா ஊத்து. ஆயில் கூடினா எஞ்சினுக்கு நல்லதுதானே?" முத்துப்பேட்டைச் சம்பந்தி படகு எஞ்சின் ஆயிலோடு வந்து இறங்கினார். அந்த எஞ்சினைக் குளிர வைப்பது தண்ணீர். இதற்குக் காற்றுதான் கதி. இந்தச் சூட்டுக்கு அந்த ஆயில் சரிப்படாது. இதைச் சொன்னால் சம்பந்தி கோபித்துக்கொள்வார்.

சித்தப்பாவின் சொந்தக் கண்டுபிடிப்பு விளக்கெண்ணெய். "வயித்தையே சுத்தம் பண்ணுது, எஞ்சினைப் பண்ணாதா?" சிரிக்காதீர்கள். முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஆயில். ஆனால் அது பெட்ரோலில் லேசில் கரையாது. சூட்டில் பிசினாகப் படியும். மனிதரின் ஞானத்தில் பாதி சரி என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

இப்போது இன்னொரு தொல்லை. பங்க்கில் பிடிக்கும் பெட்ரோலிலேயே 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், டெல்டாக் காற்றில் ஈரத்துக்கா குறைச்சல்? ஐப்பசியில் கலந்து வைத்ததைத் தையில் எடுத்தால், தண்ணீரும் எத்தனாலும் அடியில் பிரிந்து நிற்கலாம். அந்த அடித்தண்ணியில் ஆயில் இருக்காது. மிஷின் உறிஞ்சுவதோ அதைத்தான். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலப்பது நல்லது.

ஆயில் டப்பாவில் ஜாசோ எஃப்டி என்ற தரக்குறி இருக்கிறதா பாருங்கள். அளவுக்கு மிஷினின் புத்தகம் சொல்வதே வேதம். 50:1 என்றால், லிட்டருக்கு, இருமல் டானிக்கோடு வரும் அளவு மூடியில் 10 மில்லிக் கோடுவரை இரண்டு தடவை. ஊற்றிய பிறகு அந்த மூடியைத் தயவுசெய்து டானிக் பாட்டிலில் திரும்ப மாட்டிவிடாதீர்கள்.