ஸ்டெப்னி வேண்டுவோர் சங்கம்

காரில் ஸ்டெப்னி வேண்டும் என்று உரக்க வாதாடுகிறவருக்கு அதை மாட்டத் தெரியாது. மாட்டத் தெரிந்தவர் பேசவே மாட்டார். புதுக் கார் வாங்குவதற்காக எங்கள் வீட்டில் கூடிய குடும்பக் கூட்டங்களில் எனக்குக் கிடைத்த ஒரே ஞானம் இதுதான். எந்தக் கார் வாங்குவது என்பதுகூட அங்கே முடிவாகவில்லை.

கிளப்பிவிட்டவர் ஷோரூம் தம்பி. கூரை திறப்பதைக் காட்டினார், சீட்டு குளிர்வதைக் காட்டினார், "ஏசியைக் கூட்டு" என்று காரிடமே சொல்லி அது கூட்டுவதையும் காட்டினார். கடைசியில் டிக்கியைத் திறந்து அடிப்பலகையைத் தூக்கினார். சக்கரம் படுத்திருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு சின்னப் பை கிடந்தது.

"ஸ்டெப்னி எங்க தம்பி?" என்றார் மாமனார்.

"இந்த மாடல்ல வராது சார். பஞ்சர் கிட் குடுக்கிறோம்."

"டயர் வெடிச்சா?"

"கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போட்டாப் போதும் சார்."

அதுவரை கார் கலரைப் பற்றி மட்டுமே பேசிவந்த என் மச்சினனுக்கு அந்த இடத்தில் உணர்ச்சி பொங்கிவிட்டது. "ஸ்டெப்னி இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா அத்தான்?" என்றான். சங்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. தலைவர் மச்சினன், புரவலர் மாமனார்.

மாமனார் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். விதி இல்லாமல் அவரிடம் எதையும் மறுக்க முடியாது. நல்லவேளையாக விதி இருந்தது. 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. ட்யூப்லெஸ் டயர், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. அந்த வருஷம் அக்டோபரிலிருந்து நடைமுறை. நான் இதைப் படித்துக் காட்டியதும் மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கட்டாயமில்லேன்னுதானே மாப்பிள்ளை போட்டிருக்கான்? கூடாதுன்னு போடலையே" என்றார். சர்வீஸ் என்றால் சர்வீஸ்தான்.

கம்பெனிகளின் கணக்கு வேறு. அலாய் சக்கரமும் டயருமாகச் சேர்ந்தால் பதினைந்திலிருந்து இருபது கிலோ வரும். அத்தனை எடையைக் குறைத்தால் மைலேஜ் துளி ஏறும், செலவு நிறையவே இறங்கும். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஞ்சின் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; அதைத் தாண்டினால் 40. எனவே காரின் வாலை நறுக்கி நான்கு மீட்டருக்குள் திணிக்கிறார்கள். அந்த நறுக்கில் ஸ்டெப்னியின் இடம் முதலில் போகிறது. சி.என்.ஜி. வண்டியில் அங்கே சிலிண்டர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மின்சாரக் காரில் அடிவயிறு முழுக்கப் பேட்டரி.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு தனி வருத்தம் உண்டு. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எகோஸ்போர்ட்டின் அழகே முதுகில் மாட்டியிருந்த அந்தச் சக்கரம்தான். 2021 மார்ச்சில் அந்தச் சக்கரம் இல்லாமல் பஞ்சர் கிட்டோடு ஒரு வகையைக் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதையே நிறுத்தப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எவ்வளவோ சொன்னேன். சங்கம் ஏற்கவில்லை. "பாத்தீங்களா அத்தான்? ஸ்டெப்னியை எடுத்தான், ஊரையே காலி பண்ணிட்டான்."

இத்தனைக்கும் ஸ்டெப்னி காரோடு கூடப் பிறந்ததில்லை. தொடக்ககாலக் கார்களில் உபரிச் சக்கரம் கிடையாது. டயர் போனால் நடுத்தெருவில் உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டும். 1904இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் இரும்புக் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்து முடுக்குகிற மாதிரி ஒரு சாதனம் செய்து விற்றார்கள். அதற்கு முன்பு காரோட்டி எந்த நிலையில் இருந்தானோ, நூற்றிருபது வருஷம் கழித்து அந்த நிலைக்கே நம்மைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, "நியூ ஜெனரேஷன் சார்" என்கிறார் ஷோரூம் தம்பி.

எதிர்க்கட்சிக்கு என் மனைவி தலைமை தாங்கினாள். அவள் வாதம் முழுக்க டிக்கியைப் பற்றியது. "ரெண்டு பெட்டி, ஒரு தண்ணி கேன், ஒரு பாய் வச்சா மூட மாட்டேங்குது. இதுல சக்கரம் வேறயா?" என்றாள். வாஸ்தவம்தான். ஆனால் ஸ்டெப்னியால் வரும் சங்கடம் அது இருக்கும் இடத்தால் அல்ல, அதை எடுக்கும் நேரத்தால். அது எப்போதும் எல்லாவற்றுக்கும் அடியில்தான் இருக்கும். குலதெய்வம் கோயிலுக்குப் போகிற வழியில் டயர் போனால் முதலில் சாலையோரத்தில் குடும்பத்தை இறக்க வேண்டும். பிறகு டிக்கியை இறக்க வேண்டும். பொங்கல் பானை, வெண்கல உருளி, வாழை இலைக் கட்டு, தேங்காய் மூட்டை, அத்தை கொண்டுவந்த அரிவாள்மணை எல்லாவற்றையும் வரிசையாகப் புளியமரத்தடியில் பரப்பியாக வேண்டும். பைக்கில் போகிறவர் நிறுத்தி, "உருளி என்ன விலைங்க?" என்று கேட்டால் அவர்மேல் தப்பில்லை. சக்கரத்தை மாற்றி முடித்தபின் இன்னொரு கஷ்டம். கழற்றிய பெரிய சக்கரம், சின்ன ஸ்டெப்னிக்காக வெட்டிய பள்ளத்தில் இறங்காது. சேறும் சகதியுமாக அது அத்தையின் மடியில் அமரும்.

சின்ன ஸ்டெப்னி என்றேன். இப்போது பல கார்களில் கூடவே வருவது காரின் சக்கரங்களைவிட ஒல்லியானது. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று அதன் மேலேயே ஒட்டியிருப்பார்கள். சில வகைகளுக்கு 60 பி.எஸ்.ஐ. வரை காற்று கேட்கும். மற்ற நான்குக்கும் முப்பத்துச் சொச்சம்தான். பஞ்சர் கடைப் பையனிடம் அறுபது என்று சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பான்.

சரி, கிட்? அதில் ஒரு பாட்டில் வெள்ளைத் திரவமும் ஒரு குட்டிக் கம்ப்ரஸரும் இருக்கும். கம்ப்ரஸரைக் காரின் பன்னிரண்டு வோல்ட் துளையில் செருகினால் தெருநாய் அத்தனையும் எழுந்து குரைக்கும் அளவுக்குச் சத்தம் போட்டுக்கொண்டு காற்றடிக்கும். ஆணி குத்தின சின்ன ஓட்டையை அந்தத் திரவம் அடைக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு. மருந்து பாட்டிலில்கூடத் தேதி பார்க்காத நாம் இதில் பார்க்கப்போகிறோமாக்கும். அதை ஊற்றி ஓட்டிப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனால், டயரைப் பிரித்த அண்ணாச்சி, "எவன் சார் இதுக்குள்ள பாயசம் ஊத்துனது?" என்று கேட்டுவிட்டுக் கழுவுகூலியையும் சேர்த்துத்தான் வாங்குவார்.

கஸ்டமர் கேர் விஷயத்தில் என் அம்மா ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். "நம்ம கோயில்ல போன் எடுக்குமா?" எங்கள் குலதெய்வம் முதுகுளத்தூரைத் தாண்டி ஒரு சீமைக்கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது. எங்கிருந்தோ கடல் கடந்து வந்த அந்த மரம் ராமநாதபுரம் சீமையை வளைத்துப்போட்டு, தன் முள்ளை எங்கள் டயர்களுக்கென்றே வளர்த்துவைத்திருக்கிறது. அங்கே சிக்னல் வேண்டுமென்றால் கோயில் மதில்மேல் ஏறி நிற்க வேண்டும். ஏறி நின்று போட்டாலும், மறுமுனையில் ஒரு பெண் இனிமையாக, "பக்கத்துல லேண்ட்மார்க் ஏதாவது சொல்லுங்க சார்" என்பாள். கருவேலமரம் என்று சொல்லலாம். எந்தக் கருவேலமரம் என்று கேட்பாள்.

அம்மாவின் கேள்வியால் சங்கத்துக்குப் புது உயிர் வந்தது. மச்சினன் எழுந்து நின்றே பேசினான். 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று எங்கே நிற்கிறது, ஒரகடத்தில் அப்பல்லோ எத்தனை பெரிய ஆலை வைத்திருக்கிறது, இவ்வளவு டயர் உருளும் மாநிலத்தில் நமக்கு ஒரு டயர் கூடுதலாகக் கிடையாதா என்று கேட்டான். மாமனார் கைதட்டினார்.

மூலையில் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். சித்தப்பா காலமெல்லாம் லாரி ஓட்டியவர். நாமக்கல்லிலிருந்து நாசிக் வரை அவர் டயர் மாற்றாத ஊர் இல்லை.

"ஏந்தம்பி, உன் வண்டியில ஸ்டெப்னி இருக்கா?"

"இருக்கு சித்தப்பா. ஃபுல் சைஸ்!" என்றான் மச்சினன் பெருமையாக.

"கடைசியா எப்பக் காத்து புடிச்சே?"

மச்சினன் யோசித்தான். "அது... கம்பெனிலயே புடிச்சது."

"கம்பெனிக் காத்து," என்று சித்தப்பா தலையாட்டினார். "வா, கீழ போவோம்."

மாநாடு மொத்தமும் கீழே இறங்கியது. சித்தப்பா ஸ்டெப்னியை வெளியே உருட்டி, வீல் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினார். லாரிக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். நல்ல டயர் 'ணங்'கென்று எகிறும். இது 'தொப்' என்றது. பிறகு டயரின் பக்கவாட்டில் விரலை ஓட்டி நான்கு எண்களைக் காட்டினார்: 2217. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2017ஆம் வருஷம் இருபத்திரண்டாவது வாரம் பிறந்த டயர். ஒரு நாள்கூட ரோட்டைப் பார்க்காமல் டிக்கிக்குள்ளேயே மூப்படைந்துவிட்டது. பிறகு ஸ்பேனரை மச்சினன் கையில் கொடுத்து, "முன்சக்கரத்துல ஒரு நட்டைக் கழட்டு" என்றார். காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய நட்டு. மச்சினன் இழுத்தான், மிதித்தான், கடைசியில் ஸ்பேனர் மேல் ஏறியே நின்றான். நட்டு அசையவில்லை.

"பாக்காத ஸ்டெப்னி இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா மிச்ச முறுக்குக்காக மேலே போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால், நம் ஊர் நெடுஞ்சாலையில் ஸ்டெப்னியின் வேலையைப் பெரும்பாலும் செய்கிறவர் பஞ்சர் கடைக்காரர்தான். மரத்தில் ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டு, அதில் சுண்ணாம்பால் 'பஞ்சர்' என்று எழுதி, நள்ளிரவிலும் லுங்கியை மடித்துக்கட்டி எழுந்து வருகிறார். ட்யூப்லெஸ் டயர் ஆணி குத்தினாலும் உடனே இறங்காது; முள் உள்ளேயே இருந்தால் மெதுவாகத்தான் காற்று போகும். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் கவனித்தால் அடுத்த கடை வரை மெல்ல உருட்டிக்கொண்டு போய்விடலாம். நகரத்துக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்குக் கிட் தாராளமாகப் போதும். கருவேலங்காட்டில் தெய்வத்தைக் குடிவைத்திருப்பவர்களுக்கும், மலைப்பாதையில் போய்வருகிறவர்களுக்கும், குழியில் விழுந்து பக்கச் சுவர் கிழிகிற சாலைகளே வாய்த்தவர்களுக்கும் ஸ்டெப்னி வேண்டும். ஆனால் அது காரோடு வருகிற பொருள் மட்டும் இல்லை. கூடவே மாதாமாதம் குனிகிற வேலையும் வருகிறது. காற்றைப் பார்க்க வேண்டும், பிறந்த வருஷத்தைப் பார்க்க வேண்டும், பட்டப்பகலில் வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகியிருக்க வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்குவதற்கு முன்பே நட்டைத் தளர்த்திவிட வேண்டும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் முடியாது என்றால் கிட்டே மேல். குறைந்தபட்சம் டிக்கியில் அத்தைக்கு இடம் மிஞ்சும்.

கடைசியில் ஸ்டெப்னி உள்ள வண்டியே வாங்குவது என்று எங்கள் வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவள் என் மனைவி மட்டும்தான். சித்தப்பா நடுநிலை வகித்தார். சித்தப்பா போட்ட நிபந்தனைப்படி, சங்க உறுப்பினர்கள் அனைவரும் சக்கரம் கழற்றிப் பழக வேண்டும். பயிற்சி வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்கள் வாசலில். மாமனாருக்கு முட்டி வலியாம். மச்சினன் அன்றைக்கு ஊரிலேயே இல்லையாம்.