அஞ்சு நாள் ஆட்டம்

கேள்வி: டெஸ்ட் மேட்ச்சை அஞ்சு நாளும் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா? (வாசகர், ராசிபுரம்)

பதில்: இருக்கிறது. அதனால்தான் ஆஸ்திரேலியாவில் ஆட்டம் என்றால் பால் கறக்கிற நேரத்திலேயே டி.வி.யைப் போட்டுவிடுகிறார்கள். 2020 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் சுருண்டது. புஜாரா, ரஹானே, அஸ்வின் மூவரும் முட்டை. நாமக்கல்லுக்கே போட்டியா என்று டீக்கடையில் தலையில் அடித்துக்கொண்ட அதே ஆட்கள்தான், அடுத்த மாதம் பிரிஸ்பேனில் நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே 3 விக்கெட் எடுத்ததும் பட்டாசு தேடி ஓடினார்கள். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றிராத மைதானம் அது. 328 ரன்னைத் துரத்திப் பிடித்தோம், தொடரும் நமக்கே. நடராஜனைச் சாரட்டில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். “அந்தப் பையனுக்கு டென்னிஸ் பந்தில் யார்க்கர் போடச் சொன்னதே நான்தான்” என்றவர்களை எண்ணினால், சேலம் மாவட்ட வாக்காளர் பட்டியலே பத்தாது!