நாடி பார்க்கும் பண்டிதர்

வீட்டில் மின்சாரம் இருக்கிறது. மாதக் கட்டணம் ஒழுங்காகக் கட்டியாயிற்று. மழையில்லை, காற்றில்லை, தெருவில் பள்ளம் தோண்டுகிறவர்களும் இல்லை. இருந்தும் இன்டர்நெட் திடீரென்று மறைந்து, கூடத்து ரௌட்டரின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்து மறுபடி ஒன்றன்பின் ஒன்றாக எரியத் தொடங்குமாயின், மாடியறையில் நம் பண்டிதர் எதையோ சரி செய்துகொண்டிருக்கிறார் என்று நிச்சயமாக அறிந்துகொள்ளலாம். சரியாக இருப்பதைச் சரி செய்வதில் அவருக்கு நிகர் அவரே. "மாமா, ரெண்டே நிமிஷம். ரௌட்டரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிக்கிறேன்" என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வரும், விளக்கு அணைந்த பிறகே அந்தக் குரல் வரும் என்பது இதிலுள்ள விசேஷம்.

உறவுமுறையைச் சொல்லிவிட்டால் இது குடும்ப விவகாரமாகி, அக்காளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகையால் பண்டிதர் என்றே அழைப்போம். இந்த இனத்தவர் இப்போது வீட்டுக்கு ஒருவர் வீதம் வளர்ந்து வருவதால், வாசகர் தத்தம் வீட்டுப் பண்டிதரை மனத்தில் நிறுத்திக்கொள்வதில் சிரமம் இராது.

பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, இரவு 9 மணிக்குச் சாப்பாடு முடிந்த கையோடு அவர் கணினி ஆட்டத்தில் உட்கார்ந்துவிடுவார் என்று எண்ணிவிடாதீர்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஓர் அனுஷ்டானம் உண்டு. கணினியில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, சிங்கப்பூரில் உள்ள ஏதோ ஒரு கணினியின் எண்முகவரியைத் தட்டி, நாம் கூப்பிட்டதற்கு அது 'இருக்கிறேன்' என்று பதில் அனுப்ப எத்தனை மில்லி செகண்டு ஆகிறது என்பதை, வரிவரியாக ஊர்ந்து மேலேறும் எண்களில் பார்ப்பார். 41, 41, 43, 40, 41. பிங் என்பது இதன் நாமதேயம். 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர், கணினி வலையில் நேர்ந்த கோளாறு ஒன்றைத் துப்பறிவதற்காக இதை எழுதி, நீருக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவியின் சப்தத்தையே அதற்குப் பெயராகவும் வைத்தார். கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்து போவதற்காகச் செய்யப்பட்ட சாதனம் அது. நம்மவர் எழுந்து போவதில்லை.

அந்தக் காலத்து நாட்டு வைத்தியர் நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களைப் பதித்து, கண்களை மூடி, வாதம், பித்தம், கபம் என்று உள்ளுக்குள் பேதம் பிரித்துக்கொண்டிருக்கும்போது, சுற்றத்தார் மூச்சு விடவும் அஞ்சி நிற்பார்கள் அல்லவா? மாடியறையில் அதே சூழ்நிலைதான். 40-ஐ ஒட்டி ஓடினால் நாடி நிதானம். 60-ஐத் தாண்டினால் பித்தம் தலைக்கேறிவிட்டது. 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று ஒரு வரி விழுந்துவிட்டதோ, ஜன்னி கண்டுவிட்டது, இனி உறவினருக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுதான். பால் டம்ளருடன் தாயார் உள்ளே நுழைந்தால், அவர் காலடி அதிர்ந்து எண் ஏறிவிடும் என்பதுபோல், "அம்மா, மெதுவா" என்பார். ஆறி ஆடை படிந்து, அந்த ஆடையும் சுருங்கி டம்ளரின் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போன பால் மேஜையில் நிற்கும். வைத்தியர் நாடியை விடமாட்டார். ஒரு நாள் 41 என்பது 38 ஆயிற்று. அன்று அவர் கீழே இறங்கிவந்து அதை எங்களுக்கு அறிவித்த முகத்தைப் பார்த்து, பெண் பார்க்கப் போன இடம் திகைந்துவிட்டதாக்கும் என்று என் மனைவி எண்ணிவிட்டாள். காலையில் மறுபடியும் 41.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளியானது செகண்டுக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 5,800 கிலோமீட்டர் என்றால், வழியில் யாரும் ஒரு க்ஷணம்கூட நிறுத்தாவிட்டாலும் 29 மில்லி செகண்டு ஆகியே தீரும். கடலடிக் கேபிளோ நேர்கோட்டில் போவதில்லை. இதை ஒரு நாள் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டி, பம்பாயிலும் உங்கள் ஆட்டத்துக்கு ஒரு ஸர்வர் இருக்கிறதாமே, அது பாதி தூரம்கூட இல்லையே என்று கேட்டேன். "அங்க ஆடுறவங்க லெவல் வேற மாமா" என்றார். தோற்பதற்கும் தகுந்த இடம் வேண்டும் போலும்.

ஒளியை விரட்ட முடியாது என்று தெரிந்தபின் அவர் விண்டோஸை விரட்டத் தொடங்கினார். விண்டோஸின் அடிவயிற்றில் ரெஜிஸ்ட்ரி என்று ஓர் இருண்ட பிரதேசம் இருக்கிறது. அங்கே போய் இரண்டு சொற்களைப் புதிதாக எழுதிவிட்டு வந்தால் லேக் என்னும் தோஷம் நிவர்த்தியாகும் என்பது இந்த இனத்தாரின் பரம்பரை நம்பிக்கை. விஷயம் இதுதான்: 1984-இல் ஜான் நேகிள் என்பவர், சில்லறைப் பொட்டலங்கள் வலையை அடைத்துக்கொண்டு திரிவதைத் தடுக்க, முன்னே போனதற்குப் பதில் வரும்வரை சிறியவற்றைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும் ஏற்பாடு ஒன்றைச் சொன்னார். ஆள் சேரும்வரை புறப்படாத ஷேர் ஆட்டோவின் தர்மம். அதை ரத்து செய்தால் வேகம் வரும் என்பதும் சில ஆட்டங்களுக்கு மெய்யே. ஆனால் அந்தத் தர்மம் டிசிபி என்னும் பாதையில் போகிறவற்றுக்கு மாத்திரம் உரியது. பண்டிதர் ஆடும் துப்பாக்கி ஆட்டம் யூடிபி என்னும் வேறு பாதையில் ஓடுகிறது. சைக்கிளில் போகிறவர் ஷேர் ஆட்டோவின் விதியைத் திருத்திவிட்டு, இப்போது மிதிப்பது இலேசாக இருக்கிறது என்றால் என்ன சொல்வது? அவர் அப்படித்தான் சொன்னார். இன்னும், விண்டோஸ் நம் வேகத்தில் நூற்றுக்கு 20 பங்கை ஒளித்து வைத்துக்கொள்கிறது என்ற எக்ஸ்பி காலத்து வதந்தியையும் அவர் விடவில்லை. அப்படி எதையும் பிடித்து வைப்பதில்லை என்று அதைச் செய்தவர்களே அப்போதே விளக்கிவிட்டார்கள். டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 ஆக்குவதும், மறு வாரம் 1.1.1.1 ஆக்குவதும் தனிக்கதை.

இவையெல்லாம் அவர் கணினியோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். நான் ஊரில் இல்லாத ஒரு நாள், கேட்காமலே உபகாரமாக என் கணினியிலும் கைவைத்துவிட்டார். அமெரிக்காவில் உள்ள நூலகம் ஒன்றின் கணினியிலிருந்து பழைய தமிழ்ப் புத்தகங்களின் படிகளை இறக்கிக்கொள்வது என் வழக்கம். 100 மெகாபிட் இணைப்புக்குப் பணம் கட்டுகிற நான், அந்த வாரம் முழுவதும் 2 மெகாபிட்டில், ஒரு புத்தகத்துக்கு ஒரு குளியல், ஒரு சிற்றுண்டி என்ற கணக்கில் காத்திருந்தேன். காரணம் பிறகு தெரிந்தது. நம் பதிலுக்குக் காத்திராமல் எதிர்முனை எவ்வளவு தரவை அனுப்பலாம் என்பதை, தூரத்துக்குத் தக்கபடி விண்டோஸ் தானே பெருக்கிக்கொள்ளும். ஆட்டோ ட்யூனிங் என்று அதற்குப் பெயர். அதை அணைத்தால் பாத்திரம் 64 கிலோபைட்டோடு நின்றுவிடுகிறது. பக்கத்து ஊருக்கு அது போதும். கால் செகண்டு தூரத்தில் இருக்கும் அமெரிக்காவுக்குக் குவளையால் கிணற்றை இறைக்கிற கதை. "பிங் ஸ்டேபிளா இருக்கும்னு பண்ணேன் மாமா" என்றார். எனக்குப் பிங் வேண்டியதில்லை என்றேன். எல்லோருக்கும் வேண்டியதுதான் என்பதுபோல் பார்த்தார்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சென்ற மார்கழியில் தினந்தோறும் இரவு 9 மணிக்குமேல் நாடி 41-லிருந்து 300-க்குத் துள்ளிக்கொண்டிருந்தது. நான்கு இரவுகள் அவர் ஆடவில்லை. பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றும் பென்சிலுமாக வீடு முழுவதும் நடந்து, டிவியை அணைத்து எண்ணைக் குறித்து, அம்மாவின் போனை அணைத்து எண்ணைக் குறித்து, ஐந்தாம் இரவு என் கட்டிலருகில் வந்து நின்றார். குற்றவாளி என் போன். சார்ஜில் போட்டவுடன் அன்றைய போட்டோக்களை எல்லாம் அது மேலே அனுப்பத் தொடங்குகிறதாம். சீர்வரிசைத் தட்டு ஏந்தியவர்கள் மண்டப வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் ஒரு கடிதத்தோடு தபால்காரர் தவிப்பதுபோல, என் பேத்தியின் இருநூறு படங்களுக்குப் பின்னால் அவருடைய துப்பாக்கிக் குண்டுகள் வரிசையில் நின்றிருக்கின்றன. என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லாமல், ரௌட்டரில் அப்லோடு வேகத்துக்கு ஒரு வரம்பு கட்டி, அந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திவிட்டுப் போனார். வீடியோ அழைப்பில் மகளின் முகம் உறைந்து நிற்பதும் அன்றோடு நின்றது. அந்த நோட்டுப் புத்தகத்தை நான் பார்த்தேன். கோடு போட்டு, மணி எழுதி, பள்ளிக்கூடத்து ரசாயனச் சோதனைபோல் அழகாக இருந்தது.

இவ்வளவு சொன்ன வாயாலேயே இதையும் சொல்கிறேன். போன வியாழக்கிழமை மின்கட்டணம் கட்ட, ஓடிபி எண்ணைத் தட்டி, பொத்தானை அழுத்திய க்ஷணத்தில் விளக்குகள் அணைந்தன. பணம் போயிற்று, ரசீது வரவில்லை, இன்றுவரை வரவில்லை. "ரெண்டு நிமிஷம்னு சொன்னேனே மாமா."

ஞாயிற்றுக்கிழமை நானே ஏணி போட்டேன். ரௌட்டருக்கும் மாடியறைக்கும் நடுவில் ஒரு கான்கிரீட் தளமும் என் மாமியார் கொடுத்த இரும்பு பீரோவும் இருக்கின்றன. இவ்வளவு காலமும் பண்டிதர் இவற்றினூடே வைஃபையில்தான் ஆடிக்கொண்டிருந்தார். அவரே இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 20 மீட்டர் மஞ்சள் நிற லேன் கேபிள், கட்டுக்கூட அவிழாமல் பரணில் கிடந்தது. ஆணியடித்து, படிக்கட்டு ஓரமாகக் கொண்டுபோய், அவர் கணினியில் செருகினேன். கறுப்பு ஜன்னலைத் திறந்தார். 38, 38, 38, 38. அரைமணி நேரம் பார்த்தார். ஒரு 39 கூட வரவில்லை. நோயாளி எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விட்ட பிறகு வைத்தியர் காலிப் பாயைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. ஆட்டத்திலும் அன்று நான்கு முறை தோற்றார். லேக் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வேறு சொல்லும் வரவில்லை. பாலைச் சூடாகவே குடித்தார்.

எனக்கே மனம் கேட்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்று, இது கேட் 5இ கேபிள்தானே, கேட் 6 என்று ஒன்று வருகிறதாமே என்றேன். தலை நிமிர்ந்தார். அன்றிரவு 11 மணிக்குக் கூடத்தில் ரௌட்டரின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.