சாரதி லட்சணம்: ஓர் ஆராய்ச்சி

இதிகாசங்கள் தொட்டு மேலூர்ச் சாலையோரத் தேநீர்க் கடைகள் வரை சாரத்தியக் கலையைத் துருவிப் பார்த்ததில், வண்டியை ஓட்டுகிறவன் யார் என்ற எளிய வினாவுக்கே இன்னும் விடை காணப்படவில்லை என்று அறிந்த பின்னரே, காலணா ஆதாயமும் கருதாமல் இவ்வாராய்ச்சியில் இறங்கினேன்.

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், புரவியெடுப்போ பொங்கலோ, எதுவும் இல்லையேல் ஒரு தலைவரின் பிறந்த நாளோ வாய்த்துவிட்டால் மாட்டுவண்டிப் பந்தயம் நடந்தே தீரும். அதற்கு ஒட்டப்படும் சுவரொட்டியை மூல நூலாகக் கொண்டு ஊன்றி வாசிப்பவனுக்கு இரண்டு வியப்புகள் உண்டு. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேசம் மெட்ரிக் அளவைக்கு மாறிவிட்ட பின்னும், பந்தய மாடுகள் மட்டும் ‘போகவர 8 மைல்’ என்றே ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது ஒன்று. பெரிய மாடு, நடுமாடு என்று ஒழுங்காகத் தொடங்கும் வகைப்பாடு, உருவம் சிறுக்கச் சிறுக்கக் கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று ஆகாயத்தில் பறக்கத் தொடங்கிவிடுகிறது என்பது மற்றொன்று. நாற்கால் பிராணியைப் பட்சி சாதியில் சேர்க்கும் துணிவு லின்னேயஸுக்கும் இருந்ததில்லை. ஆயினும், தேன்சிட்டு பூட்டிய வண்டி கடந்துபோகக் கண்ணில் விழுந்த புழுதியைத் துடைத்து நிமிர்வதற்குள் அது அடுத்த ஊர் எல்லையைத் தொட்டுவிட்டதைக் கண்டவன் எவனும் இந்த வகைப்பாட்டில் குற்றம் சொல்ல மாட்டான்.

ஜல்லிக்கட்டு முதலான மாட்டுப் போட்டிகளை 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்து, 2017-இல் தமிழகச் சட்டம் திறந்துவிட்டு, 18-5-2023 அன்று அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை ஏற்ற நீண்ட வியாஜ்யத்தில், இரு தரப்பாரும் மாட்டின் நலன் பொருட்டே வாதாடினார்கள். மாட்டின் வாக்குமூலம் பதிவாகவில்லை.

நிற்க. சாரதிகளில் இரண்டு மரபுகள் உண்டு. சம்பளமின்றிச் சிநேகத்துக்காகக் கடிவாளம் பிடித்த கண்ணபிரான் அமெச்சூர்ச் சாரதிகளுக்கு ஆதிபுருஷன். கர்ணனுக்குத் தேரோட்டிக்கொண்டே அவனை ஓயாமல் இகழ்ந்துவந்த சல்லியனோ, பந்தய வண்டியை மோட்டார் சைக்கிளில் துரத்திக்கொண்டு சாரதிக்குப் புத்தி சொல்லும் ரசிகர் கூட்டத்துக்கு மூலவன்.

பிரத்தியட்சப் பிரமாணமின்றிச் சாஸ்திரம் செய்யலாகாது என்பதால், ஒரு மாசிப் பௌர்ணமி இரவில், நீர் வற்றிய கண்மாய்க்குள், மாமாவின் பூஞ்சிட்டு ஜோடி பூட்டிய வண்டியில் நானே ஏறினேன். பந்தய வண்டியில் ஆசனம் என்று சொல்லத்தக்கது ஒரு பலகைத் துண்டும், அதன்மேல் அமர்பவனின் நம்பிக்கையும்தான்.

“கயித்த இறுக்காத மாப்ள, அதுகளுக்கு வழி தெரியும்” என்றார் மாமா.

நான் சாஸ்திரப்படி இடக் கயிற்றை இழுத்தேன். மாடுகள் அனுபவப்படி வலப்புறம் திரும்பின. துணைச் சாரதியாக உடன் ஓடிவந்த மச்சான் புழுதிக்குள் எங்கோ மறைந்தான். பாளம் பாளமாய் வெடித்த கரிசல் மண்ணில் வண்டி மூன்றாம் முறை தூக்கிப் போட்டபோது, நான் தட்டி இறுக்க மறந்திருந்த கடையாணி தெறித்து விழ, கழன்ற சக்கரம் தன்னிச்சையாகச் சிறிது தூரம் உருண்டு சென்று ஒரு கருவேல மரத்தில் சாவதானமாகச் சாய்ந்துகொண்டது. கர்ணனின் சக்கரம் புதைவதற்கு ஒரு பசுவின் மரணமும் ஓர் அந்தணரின் சாபமும் வேண்டியிருந்தன; எனக்குச் சபிக்கவும் ஆள் தேவைப்படவில்லை. பூட்டாங்கயிற்றை அறுத்துக்கொண்டு மாடுகள் கரையேறிப் போயின.

முள்ளும் புழுதியுமாக நான் நடந்தே வீடு வந்து சேர்ந்தபோது, தொழுவத்துத் தொட்டியில் பருத்திக்கொட்டைத் தண்ணீரை இரண்டும் மூக்கு நனையக் குடித்துக்கொண்டிருந்தன. மாமா அவற்றின் குளம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, திமிலைத் தடவிக் கொடுத்து, அதன் பிறகே என் பக்கம் திரும்பினார்.

“மாடு ரெண்டும் நல்லாத்தான் பழகிருச்சுக மாப்ள. பங்குனிக்கு வேற சாரதி பாத்துக்கிருவோம்.”